ஸ்பை ஆடுவது எப்படி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் டீம் ஃபோர்ட்ரஸ் 2 பற்றி எழுதும்போது, அதிலுள்ள ஒன்பது கிளாஸ்களில் (ஆடத் தேர்ந்தெடுக்கும் பாத்திரங்களில்) கற்றுக்கொள்ள மிகவும் கஷ்டமானது ஸ்பைதான் என்று ஒரு வரி போட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் வந்திருக்கின்றன. அதனால் இந்த முறை முழுப் பகுதியும் ஸ்பைக்கே. ஆடியிராதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: 2007-இல் வால்வ் வெளியிட்டு, 2011-இல் இலவசமாக்கிய கேம் இது. இரண்டு அணிகள் மோதும். ஸ்பை எதிரணி ஆள் போல வேடம் போடுவான், சில நொடி கண்ணுக்குத் தெரியாமல் மறைவான், முதுகில் கத்தியை இறக்கினால் எதிரிக்கு எவ்வளவு ஹெல்த் (உயிர்ப் புள்ளி) இருந்தாலும் ஒரே குத்தில் முடிந்துவிடும்.

கேள்வி: அண்ணா, மூன்று மாதமாக ஸ்பை மட்டும்தான் ஆடுகிறேன். ஒரு ஆளைக் குத்துவதற்குள் நான் நான்கு முறை செத்துப் போகிறேன். கை வேகம் போதவில்லையா? இன்னும் எத்தனை நாள் ஆகும்? (கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

பதில்: தம்பி, கை வேகத்துக்கும் இதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை. ஸ்பைக்கு 125 ஹெல்த். ஹெவி என்ற பருத்த ஆளுக்கு 300, அவன் பின்னால் வைத்தியம் பார்க்கும் மெடிக் நின்றால் 450 வரை ஏறும். நேருக்கு நேர் நின்றால் உன் கத்தி ஒரு குத்துக்கு 40 தான் எடுக்கும். அதாவது எதிரி உன்னைப் பார்த்துவிட்டால் கணக்கு ஏறக்குறைய முடிந்தது. மற்ற எட்டு கிளாஸும் எதிரி பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவனோடு மோதுகிறவை. ஸ்பை ஒருவன்தான் எதிரியின் பார்வைக்கு வெளியே வாழ வேண்டியவன். அதனால் நீ கற்றுக்கொள்ள வேண்டியது கத்தியை அல்ல, எதிரி இப்போது எங்கே பார்க்கிறான், அடுத்த ஐந்து நொடியில் எங்கே பார்ப்பான் என்பதை.

இதைத் தெரிந்துகொள்ள எனக்குத் தெரிந்து ஒரே வழி, கொஞ்ச நாள் ஸ்பையை விட்டுவிட்டு மற்ற கிளாஸ்களை ஆடுவது. குறிப்பாக மெடிக், கருவிகள் கட்டும் இன்ஜினியர், நெருப்பு ஊதும் பைரோ. மெடிக்காக ஆடிப் பார், எந்த நேரத்தில் பின்னால் திரும்பிப் பார்க்கிறாய் என்று உனக்கே புரியும்: சண்டை ஓய்ந்திருக்கும்போது அடிக்கடி திரும்புவாய், தன் ஆள் நெருப்பு பட்டு அலறும்போது திரும்பவே மாட்டாய். அந்த அலறும் நேரம்தான் ஸ்பையின் நேரம். இன்ஜினியராக ஆடினால், நீ கட்டிய சென்ட்ரிக்கு (தானாகச் சுடும் துப்பாக்கிக்கு) பக்கத்தில் எந்த மூலையில் நின்றால் பாதுகாப்பு என்று தோன்றுகிறதோ, அதே மூலையில்தான் எதிரணி இன்ஜினியரும் நிற்பான். பைரோவாக ஆடினால், எந்த இடங்களில் சும்மாவேனும் நெருப்பை ஊதிப் பார்க்கத் தோன்றுகிறது என்று கவனி. அந்த இடங்களில் ஸ்பையாக நிற்காதே.

மூன்று மாதமாக ஒன்றையே ஆடுகிறாய் என்றாயே, அதுதான் உன்னைத் தடுக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பார்த்தால் எதிரி எப்போதும் எதேச்சையாகத் திரும்பியது போலத்தான் இருக்கும். அவன் காரணத்தோடுதான் திரும்பியிருப்பான். ஒவ்வொரு முறை சாகும்போதும் ‘அவன் ஏன் திரும்பினான்?’ என்ற ஒரு கேள்வியை மட்டும் கேட்டுக்கொள். நீ மறைவை விட்டு வெளியே வந்த சத்தம் கேட்டதா? சற்று முன்னால் பக்கத்து ஆளைக் குத்தினாயா? உன் அணியில் யாரும் முன்னால் சண்டை போடவில்லையா? பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும்.

கேள்வி: எந்த வேடம் போட்டாலும் கண்டுபிடித்துவிடுகிறார்கள். எந்த வேடம் நல்லது? (கோவை வாசகி)

பதில்: வேடம் எதிரியின் முகத்துக்கு முன்னால் போய் நிற்பதற்கு அல்ல. தூரத்திலிருந்து ஒரு நொடி பார்ப்பவன் ‘நம்ம ஆள்’ என்று கடந்து போவதற்கும், சென்ட்ரி சுடாமல் இருப்பதற்கும்தான். இந்த எதிர்பார்ப்போடு போட்டால் வேடம் நன்றாகவே வேலை செய்யும்.

காட்டிக்கொடுக்கும் விஷயங்கள் சில இருக்கின்றன. முதலாவது வேகம். ஸ்கவுட் வேடம் போட்டாலும் உங்கள் வேகம் ஸ்பையின் வேகம்தான், ஸ்கவுட் போல ஓட முடியாது. அப்படி மெதுவாக நடக்கும் ஸ்கவுட்டைப் பார்த்த உடனே யாரும் சுடுவார்கள். ஹெவி வேடம் போட்டால் உங்கள் வேகம் ஹெவி அளவுக்குக் குறைந்துவிடும், அதனால் வேடம் பொருந்தும், ஆனால் போய்ச் சேர நேரம் ஆகும். 2015 கடைசியில் வந்த ஒரு அப்டேட்டிலிருந்து ஸ்பையும் மெடிக்கும் ஒரே வேகம், ஆனாலும் மெடிக் வேடம் போடாதீர்கள். அடிபட்ட ஒவ்வொருவனும் உங்களைத் தேடி வருவான், வைத்தியம் வரவில்லை என்றதும் சந்தேகம் வந்துவிடும்.

இரண்டாவது, மோதல். ஒரே அணி ஆட்கள் ஒருவருக்குள் ஒருவர் புகுந்து போக முடியும், எதிரணி ஆள் குறுக்கே நின்றால் முட்டும். குறுகலான வாசலில் நீங்கள் நின்று, எதிரி உங்கள் மேல் முட்டிக்கொண்டால் வேடம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயன் இல்லை. புதிதாக ஆடுபவர்கள் மாட்டுவது அதிகமும் இப்படித்தான். கதவு, படிக்கட்டு, குறுகிய பாலம், இவற்றில் எதிரே ஆள் வந்தால் ஓரமாக ஒதுங்கிவிடுங்கள்.

மூன்றாவது, பெயர். எதிரணியில் அந்த கிளாஸை யாராவது ஆடினால் அவர் பெயர் உங்கள் மேல் தெரியும். யாருமே ஸ்னைப்பர் ஆடாதபோது ஸ்னைப்பர் வேடம் போட்டால் வேறு யாரோ ஒருவர் பெயர் ஒட்டிக்கொள்ளும், கவனமாகப் பார்ப்பவன் பிடித்துவிடுவான். அதனால் முதல் ஒரு நிமிடம் எதிரணியில் யார் யார் என்ன ஆடுகிறார்கள் என்று பார்த்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவற்றையெல்லாம் விட முக்கியமானது நடை. ஸ்பை என்றால் எல்லோரும் எதிரியின் முதுகையே பார்த்துக்கொண்டு நேராக நடக்கிறார்கள். அந்த அணியைச் சேர்ந்த உண்மையான ஆள் சண்டை நடக்கும் பக்கம் பார்த்து நடப்பான், நடுவில் குதிப்பான், மருந்துப் பெட்டி எடுக்கத் திரும்புவான். அவர்கள் முகாமிலிருந்து சண்டைக்குப் போகும் திசையில் போங்கள், எதிர்த் திசையில் வராதீர்கள். அப்புறம், வேடம் போட்டிருக்கும்போது பி விசையை அழுத்தினால் வேடத்தின் கையில் இருக்கும் ஆயுதம் மாறும். உங்கள் கையில் எந்த வரிசை ஆயுதம் இருக்கிறதோ அதற்கு ஏற்றது வரும். ரிவால்வரைக் கையில் எடுத்துப் பி-ஐ அழுத்திவிட்டுப் பிறகு கத்திக்கு மாறுங்கள். சண்டை நடுவே துப்பாக்கி பிடித்திருக்கும் இன்ஜினியர் இயல்பாக இருப்பான்.

வேடம் எது என்று மட்டும் கேட்டால்: திறந்த வெளிக்கு ஸ்னைப்பர், கட்டடத்துக்குள் இன்ஜினியர். பைரோ வேடம் வேண்டாம். நெருப்பு ஊதாத பைரோவை நம்பமாட்டார்கள்.

கேள்வி: ஸ்பை மறைவதற்குப் பயன்படும் மூன்று வாட்ச்களில் எது? (ஈரோடு வாசகர்)

பதில்: முதலில் கையில் கொடுக்கும் இன்விஸ் வாட்ச்தான். க்ளோக் அண்ட் டேகர் அசையாமல் நின்றால் சார்ஜ் குறையாது என்பதால் புதியவர்களுக்குப் பிடிக்கும், ஆனால் ஒரு மூலையில் இரண்டு நிமிடம் நின்றுகொண்டிருக்கும் பழக்கம் வந்துவிடும். அந்த இரண்டு நிமிடமும் உங்கள் அணி ஒரு ஆள் குறைவாக ஆடுகிறது. டெட் ரிங்கர் பொய்ப் பிணம் போட்டுத் தப்பிக்க உதவும், ஆனால் வெளியே வரும்போது போடும் சத்தம் பக்கத்து அறை வரை கேட்கும். அதைப் பிடித்துக்கொண்டால் தப்பிப்பதைக் கற்றுக்கொள்வீர்கள், நுழைவதைக் கற்றுக்கொள்ள மாட்டீர்கள்.

இன்விஸ் வாட்ச் முழு சார்ஜில் பத்து நொடிக்குள்தான் தாங்கும், காலியானால் நிரம்ப அரை நிமிடம் ஆகும். நடுவில் குண்டுப் பெட்டி எடுத்தால் கொஞ்சம் ஏறும். ஆகவே நீங்கள் ஆடும் மேப்பில் (ஆட்டக் களத்தில்) குண்டுப் பெட்டிகள் எங்கே என்று மனப்பாடமாகத் தெரிய வேண்டும், இதில் சமாதானமே கிடையாது. உள்ளே போகப் பாதி சார்ஜ், வெளியே வரப் பாதி. முழுவதையும் செலவழித்து உள்ளே போனால் ஒரு குத்தோடு கதை முடிந்தது. மறைவிலிருந்து வெளிப்பட்டு ஆயுதம் எடுக்க ஏறக்குறைய இரண்டு நொடி ஆகும் என்பதையும் மறக்கக் கூடாது. எதிரியின் முதுகுக்குப் பின்னால் வந்து வெளிப்படாதீர்கள். ஒரு சுவர் தள்ளி, குண்டுச் சத்தம் பலமாக இருக்கும்போது வெளிப்பட்டு, வேடத்தோடு நடந்து போங்கள்.

கேள்வி: சேப்பர் (இன்ஜினியர் கட்டியதைச் செயலிழக்க வைக்கும் ஸ்பையின் கருவி) வைத்தால் இன்ஜினியர் ரெஞ்சால் இரண்டு தட்டு தட்டி எடுத்துவிடுகிறான். ஆளைக் குத்தினால் சென்ட்ரி என்னைச் சுட்டுவிடுகிறது. எதை முதலில் செய்வது? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: இன்ஜினியர் சென்ட்ரியை ஒட்டி நின்றால் முதலில் குத்து, உடனே சேப்பர். குத்திய நொடியில் உங்கள் வேடம் கலைந்துவிடும், சென்ட்ரி உங்கள் பக்கம் திரும்ப ஆரம்பிக்கும், அது திரும்பி முடிப்பதற்குள் சேப்பர் ஒட்டிவிட்டால் அது சுடாது. இதற்குப் பார்வையை நகர்த்தும் தூரம் குறைவாக இருக்க வேண்டும். அதனால் இன்ஜினியரின் முதுகும் சென்ட்ரியும் ஒரே பக்கத்தில் வருகிற மாதிரி நின்றுகொண்டு குத்துங்கள். ஆயுதம் மாற்ற மவுஸ் வீலை உருட்டாதீர்கள், எண் விசையைப் பயன்படுத்துங்கள்.

அவன் தள்ளி நின்றால் கணக்கு தலைகீழ். சேப்பர் வைப்பதால் வேடம் கலையாது. டிஸ்பென்சருக்கு (அவன் கட்டும், மருந்தும் குண்டும் தரும் பெட்டிக்கு) வையுங்கள், அவன் அதைக் காப்பாற்ற ஓடி வருவான், ரெஞ்சால் அடிக்கும்போது அவன் கண் அந்தப் பெட்டியின் மேல்தான் இருக்கும். முதுகு உங்களுக்கு. நல்ல இன்ஜினியர் இதைத் தெரிந்துவைத்திருப்பான், முதலில் உங்களைச் சுட்டுவிட்டுத்தான் சேப்பரை எடுப்பான். அப்படிப்பட்டவன் என்று தெரிந்தால் அவனை விட்டுவிடுங்கள், டெலிபோர்ட்டரை (ஆட்களை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நொடியில் அனுப்பும் கருவியை) பாருங்கள். ஒரு முனையில் சேப்பர் வைத்தால் மறுமுனையும் சேர்ந்து செயலிழக்கும். ஹெவியும் சோல்ஜரும் நடந்தே வர வேண்டியிருக்கும், அவர்கள் மெதுவான ஆட்கள். ஸ்கோர் பலகையில் இது பெரிதாகத் தெரியாது, ஆனால் உங்கள் அணி இலக்கு வரை தள்ள வேண்டிய வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு திருப்பத்தைத் தாண்டுவதற்கு அந்த நேரம் போதும்.

கேள்வி: வீடியோக்களில் படியிலிருந்து குதித்து, துரத்தி வருபவனையே திரும்பிக் குத்துகிறார்களே, அதைப் பழகினேன். பத்தில் ஒன்றுகூட விழவில்லை. நான் சிங்கப்பூர் சர்வரில் ஆடுகிறேன், பிங் (சர்வரோடு தகவல் போய்வர ஆகும் மில்லிசெகண்ட்) அறுபதுக்கு மேல். பிங்தான் காரணமா? (பத்தாம் வகுப்பு மாணவர், நாகர்கோவில்)

பதில்: கொஞ்சம் காரணம்தான், ஆனால் நீ நினைக்கிற மாதிரி அல்ல. இந்த கேமில் ஒருவன் அடிக்கும்போது, அவன் திரையில் எதிரி எங்கே தெரிந்தானோ அந்த இடத்துக்கு சர்வர் காலத்தைச் சற்றுப் பின்னால் நகர்த்திப் பார்த்துத்தான் அடி பட்டதா என்று முடிவு செய்கிறது. உன் கத்திக்கும் அதே விதி, எதிரியின் துப்பாக்கிக்கும் அதே விதி. நீ குத்தும்போது உனக்குத் தெரிகிற முதுகைக் குத்தினால் போதும், முன்கூட்டிக் கணக்குப் போட வேண்டாம். ஆனால் நீ மூலை திரும்பித் தப்பிவிட்டாய் என்று நினைக்கும்போது, அவன் திரையில் நீ இன்னும் மூலைக்கு வெளியேதான் இருப்பாய். சுவருக்குப் பின்னால் வந்த பிறகும் சாகிறோமே என்று எரிச்சல் வருவது இதனால்தான். அறுபது மில்லிசெகண்ட் நிலையாக இருந்தால் தாராளமாக ஆடலாம். வைஃபையில் நாற்பதுக்கும் நூற்றைம்பதுக்கும் ஏறி இறங்கினால் எந்த வித்தையும் பழக முடியாது, முடிந்தால் கேபிள் போட்டு ஆடு.

இனி அந்த வித்தைக்கு வருகிறேன். துரத்துகிறவன் உன் மேலேயே கண் வைத்து வேகமாக ஓடி வருகிறான். நீ படியில் மேலே ஏறிச் சட்டென்று அவன் தலைக்கு மேலே பின்பக்கம் குதித்தால், அவன் ஓட்டமே அவனை உனக்குக் கீழே கொண்டுபோய் முதுகைக் காட்ட வைக்கும். எல்லாம் அவன் துரத்துவான் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. துரத்தாமல் பின்னால் நகர்ந்துகொண்டே சுடுகிறவனிடம் இது ஒருபோதும் பலிக்காது. வீடியோவில் வருவதெல்லாம் துரத்தியவர்கள் மட்டும்தான், பின்வாங்கியவர்களிடம் அந்த ஸ்பை செத்த காட்சிகளை வெட்டி எடுத்திருப்பார்கள். ஆகவே இதைக் கடைசியில் பழகு தம்பி. முதலில் இரண்டு குத்து குத்திவிட்டு உயிரோடு வெளியே வரப் பழகு.

கத்தியைப் பற்றி ஒரு சின்ன விஷயமும் சொல்ல வேண்டும். மற்ற கிளாஸ்களின் கைச்சண்டை ஆயுதங்கள் கிளிக் செய்து சற்று நேரம் கழித்துத்தான் அடிக்கும், ஸ்பையின் கத்தி மட்டும் கிளிக் செய்த உடனே அடிக்கும். முதுகு சரியாக வாய்த்தால் உன் கை கத்தியை ஓங்குவது திரையில் தெரியும். அந்த ஓங்கலுக்காகக் காத்திருக்கும் பழக்கம் வந்தால் விட்டுவிடு, அதற்குள் நேரம் போய்விடும்.

கேள்வி: ஸ்பையை எடுத்தாலே டீமில் திட்டுகிறார்கள். கில் எண்ணிக்கையில் எப்போதும் கடைசி. பேசாமல் சோல்ஜருக்கே போய்விடலாமா? (சேலம் வாசகர்)

பதில்: திட்டுபவர்கள் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரே அணியில் நான்கு ஸ்பை இருந்தால் வண்டியைத் தள்ள ஆள் இருக்காது. அணியில் ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தால் வேறு எடுங்கள். மற்றபடி கில் எண்ணிக்கையை வைத்து ஸ்பையை அளக்கவே முடியாது. யாரைக் கொன்றீர்கள், எப்போது கொன்றீர்கள் என்பதுதான் கேள்வி.

மெடிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அடிபட்டவர்களுக்கு இடைவிடாமல் வைத்தியம் பார்த்தால் ஊபர் என்ற அவர் சிறப்புச் சக்தி நிரம்ப 40 நொடி ஆகும், நிரம்பிவிட்டால் 8 நொடி அவரும் அவர் கூட்டாளியும் சாகாமல் உங்கள் அணிக்குள் புகுந்துவிடுவார்கள். ஏறக்குறைய நிரம்பியிருக்கும் நேரத்தில் அவரைக் குத்திவிட்டால் அத்தனையும் போச்சு, உயிர் பெற்று வந்து பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அந்த ஒரு குத்துக்குப் பிறகு நீங்கள் செத்தாலும் அணிக்கு லாபம்தான். ஆனால் தனியாக நிற்கும் ஸ்னைப்பரைக் குத்த ஒன்றரை நிமிடம் சுற்றி வந்திருந்தால், அதே ஒரு கில்தான், பலன் மிகக் குறைவு. ஹெவிக்குப் பின்னால் மெடிக் ஒட்டி நின்றால் முதலில் மெடிக். குத்து தவறினால் கத்தியோடு சுற்றிச் சுற்றி ஆடாதீர்கள், ரிவால்வரை எடுங்கள். மெடிக்குக்கு 150 ஹெல்த், கிட்டத்திலிருந்து மூன்று குண்டு போதும். ரிவால்வரை மறந்துவிட்டு ஆடும் ஸ்பைகள் எத்தனை பேர்! அடிபட்டு ஓடும் எதிரியை முடிக்க அதைவிட நல்ல ஆயுதம் ஸ்பையிடம் இல்லை.

போட்டி ஆட்டங்களைப் பார்த்தாலும் இது விளங்கும். ஆறு பேர் ஆடும் முறையில் ஸ்பை நிரந்தரமாக இருக்கமாட்டான், ஆட்டம் முட்டி நிற்கும்போது எதிரி மெடிக்கை எடுக்க மட்டும் யாராவது ஸ்பைக்கு மாறுவார்கள். ஒன்பது பேர் ஆடும் ஹைலேண்டரில் ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒருவர், அங்கே ஸ்பை முழுநேர வேலை. எதிரி எந்த வழியில் வருகிறான், ஊபர் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதே அவன் பாதி வேலை. நீங்களும் சாதாரண ஆட்டத்தில் மைக்கில் அதைச் சொல்லிப் பாருங்கள். ‘ஊபர் வருகிறது, பின்வாங்குங்கள்’ என்று சரியான நேரத்தில் இரண்டு முறை சொன்னால் திட்டுவது குறைந்துவிடும்.

உங்கள் அணி முன்னேறும் அதே நொடியில் குத்துங்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். முன்னாலிருந்து ராக்கெட் வரும்போது யாரும் பின்னால் பார்ப்பதில்லை. தனியாகப் போய்ச் செய்யும் சாகசம் பெரும்பாலும் ஒரு கில்லோடு முடிகிறது, அணியோடு சேர்ந்து செய்தால் எதிரியின் வரிசையே கலைகிறது. சோல்ஜரையும் ஆடுங்கள், நல்லதுதான். ஸ்பையை விடாதீர்கள்.

கேள்வி: வேறு கத்தி வாங்கலாமா? (மதுரை வாசகர்)

பதில்: இப்போது வேண்டாம். குனாய் உங்கள் ஹெல்த்தை 70 ஆக இறக்கிவிடும். யுவர் எடர்னல் ரிவார்ட் குத்தியவுடன் செத்தவனின் வேடத்தைக் கொடுக்கும், ஆனால் சாதாரணமாக வேடம் போட வேண்டுமென்றால் முழு சார்ஜையும் தின்றுவிடும். இரண்டும் நன்றாக ஆடத் தெரிந்தவர்களுக்கு.

கேள்வி: பைரோவிடம் மட்டும் தப்பிக்கவே முடியவில்லை. ஏதாவது வழி? (யாழ்ப்பாணம் வாசகர்)

பதில்: பைரோ ஸ்பைக்கு எமன் மாதிரி, அதை ஏற்றுக்கொண்டுதான் ஆட வேண்டும். ஒரு பொறி பட்டாலும் எரிவீர்கள், எரிந்தால் மறைந்திருந்தாலும் வேடத்தில் இருந்தாலும் தெரிந்துவிடும். அதனால் அவன் இருக்கும் இடத்துக்குப் போகாமல் இருப்பதுதான் வழி. எதிரணிப் பைரோக்களில் யார் முகாமைச் சுற்றிச் சுற்றி வருகிறான், யார் முன்னால் போய்ச் சண்டை போடுகிறான் என்று பாருங்கள். சுற்றி வருகிறவன் இப்போதுதான் செத்தான் என்று மேல் மூலையில் ஓடும் கில் பட்டியலில் பார்த்தால் அதுதான் உங்கள் நேரம். அவன் உயிர் பெற்று நடந்து வருவதற்குள் வேலையை முடித்துவிட்டு வெளியேறுங்கள். மாட்டிக்கொண்டால் தண்ணீர் இருக்கும் பக்கம் ஓடுங்கள், இறங்கினால் நெருப்பு அணையும். 2ஃபோர்ட் மேப்பில் கோட்டைக்கு வெளியே அகழியும் சாக்கடை வழியும் கிட்டத்திலேயே இருக்கின்றன. பனிக்கட்டிக் கத்தியான ஸ்பைசிகிள் கையில் இருந்தால் நெருப்பு பட்டதும் அது உருகி உங்களைக் காப்பாற்றும், பிறகு கத்தி திரும்ப வரும்வரை பதினைந்து நொடி ரிவால்வரை நம்பித்தான் இருக்க வேண்டும்.

கேள்வி: நேராக ஆன்லைனில் இறங்கப் பயமாக இருக்கிறது. தனியாகப் பழக வழி உண்டா? (கல்லூரி மாணவி, திருச்சி)

பதில்: உண்டு, தங்கையே. கேமிலேயே பயிற்சிப் பகுதியில் ஸ்பைக்குத் தனிப் பாடம் இருக்கிறது, இன்டர்நெட் இல்லாமல் பாட்களோடு (கணினியே ஆட்டுவிக்கும் ஆட்களோடு) ஆடவும் முடியும். பாட்களை வைத்துக் கை பழகலாம்: வேடம் மாற்றுவது, குத்தி உடனே சேப்பருக்கு மாறுவது, மேப்பில் பெட்டிகள் இருக்கும் இடம், இவை எல்லாம். ஆனால் பாட் மனிதன் மாதிரி சந்தேகப்படுவதில்லை, மனிதன் மாதிரி கவனம் சிதறுவதும் இல்லை. அடிப்படை விசைகள் கைக்கு வந்தவுடன் ஆன்லைனுக்குப் போய்விடு. ஒரே மேப்பைத் தேர்ந்துகொள், அப்வர்டோ பேட்வாட்டரோ எதுவானாலும் சரி, அதையே ஆடு. ஐந்து மேப் அரைகுறையாகத் தெரிவதைவிட ஒரு மேப்பில் எதிரி எந்தக் கதவு வழியாக வருவான் என்று தெரிவது ஸ்பைக்கு அதிகம் உதவும். அந்த மேப் ஓடாதபோது மெடிக் ஆடு.